லாடம் அடித்த மூன்றாம் நாளே குதிரை நொண்டுகிறது: கழற்றவா, பார்க்கவா?

கொடுமுடி_செவலை | திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தையில் ஒரு கத்தியவார் இனப் பெட்டை வாங்கினேன். ஐந்து வயது, செவலை. வாங்கும்போது காலில் லாடம் இல்லை. எங்கள் தோட்டத்திலிருந்து ஊருக்குள் போக இரண்டு கிலோமீட்டர் தார் ரோடு. குளம்பு தேய்ந்துவிடுமே என்று பயந்து, இந்தப் பக்கம் வண்டிமாடுகளுக்கு லாடம் அடிப்பவரைக் கூட்டிவந்தேன். மாட்டுக்குக் கைராசிக்காரர். குதிரைக்கும் எப்போதாவது அடித்திருக்கிறேன் என்றார். முன்னங்கால் இரண்டுக்கும் மட்டும் அடித்தார்.

அடித்தது வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு நன்றாகத்தான் நடந்தாள். இன்று காலை பார்த்தால் வலது முன்னங்காலை ஊன்றவே மாட்டேன் என்கிறாள். குளம்பின் நுனி மட்டும் தரையில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு நிற்கிறாள். தொட்டால் அந்தக் குளம்பு மட்டும் சூடு. வீக்கம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. தீனி எடுக்கிறாள். ஆணி புதுசு, இரண்டு நாளில் பழகிவிடும் என்று அவர் சொல்கிறார். லாடத்தைக் கழற்றவா, இரண்டு நாள் பார்க்கவா?

ரேக்ளா_ராசு | திங்கள், இரவு 9.32

பார்க்காதீங்க. பழகுவதற்கு அது புதுச் செருப்பு இல்லை. எங்கள் குதிரை ஒன்றுக்கு இதே மாதிரி ஆனது. பந்தயத்துக்கு நாலு நாள்தான் இருக்கிறது என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் குளம்பும் மயிரும் சேரும் இடத்தில் உடைத்துக்கொண்டு சீழ் வந்தது. அப்புறம் இரண்டு மாதம் வண்டியே கட்டவில்லை. இன்றைக்கு ராத்திரியே டாக்டரிடம் பேசுங்கள்.

லாயம்_பெரியவர் | திங்கள், இரவு 10.15

தம்பி, நான் நால்பந்த், அதாவது குதிரைக்கு லாடம் அடிப்பவர், வீட்டுப் பிள்ளை. கிண்டி ரேஸ் லாயங்களில் அப்பாவுக்கு எடுபிடியாக இருந்து தொழில் கற்றவன். எனக்கு இப்போது முதுகு வளையாது, அதனால் சொல்ல மட்டும் முடியும்.

இரண்டு வாய்ப்பு உண்டு. ஆணி நேராகச் சதையில் ஏறியிருந்தால் அடிக்கும்போதே காலை இழுத்திருக்கும், ரத்தமும் கசிந்திருக்கும். மூன்றாம் நாள் நொண்டுகிறது என்றால், ஆணி சதையை ஒட்டிப் போய் நெருக்கியிருக்கலாம், இல்லை அந்த ஓட்டை வழியாக அழுக்கு இறங்கிச் சீழ் வைத்திருக்கலாம். எதுவானாலும் லாடம் இறங்கியாக வேண்டும்.

கழற்றும் முறைதான் முக்கியம். குறட்டால் லாடத்தைப் பிடித்து மொத்தமாக நெம்பாதீர்கள். வெளிப்பக்கம் மடக்கியிருக்கும் ஆணி முனைகளை அரத்தால் ராவி விடுங்கள். பிறகு ஆணிகளை ஒவ்வொன்றாக உருவுங்கள். உருவிய வரிசையிலேயே ஒரு பலகையில் அடுக்கி வையுங்கள். எந்த ஆணியைத் தொடும்போது காலை வெடுக்கென்று இழுக்கிறது, எந்த ஆணி ஈரமாக, கறுப்பாக, நாற்றத்தோடு வருகிறது என்று பாருங்கள். குற்றவாளி அதுதான். அந்த ஓட்டை எது என்று மார்க்கர் பேனாவால் குளம்பிலேயே குறித்துவிடுங்கள். டாக்டர் வந்தால் தேட வேண்டியதில்லை.

டாக்டர்_கவி | திங்கள், இரவு 11.05

கால்நடை மருத்துவர். பெரியவர் சொன்னது அத்தனையும் சரி. சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

குளம்புக்கு மேலே முதல் மூட்டு இருக்கிறதல்லவா, அதன் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரலை லேசாக வைத்துப் பாருங்கள். நல்ல காலில் நாடி கிடைப்பதே கஷ்டம். குளம்புக்குள் கோளாறு இருக்கும் காலில் விரலை உதைக்கிற மாதிரி அடிக்கும். இடது காலையும் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

வீக்கம் ஏன் இல்லை? குளம்புச் சுவர் விரியாது. நம் நகத்துக்கு அடியில் சீழ் கட்டினால் எப்படித் தெறிக்கும், அதே கதைதான். அதனால்தான் கால் முறிந்துவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு நொண்டும், சீழ் வெளியேறியதும் பெரும்பாலும் சீக்கிரமே வலி வெகுவாகத் தணிந்துவிடும்.

ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டது? சந்தையில் வாங்கிய குதிரை, விற்றவர் போட்டாச்சு என்றாலும் நம்ப வேண்டாம். வீட்டு விலங்குகளில் குதிரை அளவுக்கு ரணஜன்னிக்குப் பலியாவது வேறு எதுவும் இல்லை. ஆணி ஓட்டை அந்தக் கிருமிக்கு விரித்த பாய். நாளைக்கே போட்டாக வேண்டும்.

இன்னொன்று. வலிக்கு என்று மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். பாறு கழுகுகள் அழியக் காரணம் என்று 2006இலேயே கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தாயிற்று. சீழ் வெளியேறும் முன் ஆன்டிபயாடிக்கை நாமே ஆரம்பிப்பதும் சில சமயம் கதையை நீட்டிவிடும். பார்க்கிற டாக்டர் முடிவு செய்யட்டும்.

கொடுமுடி_செவலை | செவ்வாய், மதியம் 1.40

காலையில் உள்ளூர் டாக்டர் வந்தார். பெரியவர் சொன்னபடி ஒவ்வொன்றாக உருவினோம். காலுக்கு ஆறு ஆணி. உள்பக்கம், பின்னால் இருந்த கடைசி ஆணியைத் தொட்டதும் என்னையும் சேர்த்து இழுத்துவிட்டாள். அந்த ஆணி பாதி வரை கறுப்பு. உருவியதும் ஓட்டையிலிருந்து பழைய கஞ்சித்தண்ணி மாதிரி சாம்பல் நிறத்தில் ஒழுகியது. நாற்றம் சொல்லி மாளாது. டாக்டர் குளம்புக் கத்தியால் ஓட்டையைக் கொஞ்சம் அகலப்படுத்தி, பீட்டாடின் பீய்ச்சிக் கழுவினார். ஊசியும் போட்டாயிற்று. எப்சம் உப்பு கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் தினம் இரண்டு வேளை 20 நிமிடம் காலை வைக்கச் சொன்னார்.

வைப்பதுதான் பாடு. முதல் வாளியை உதைத்து உடைத்துவிட்டாள்.

மலைப்பாதை | செவ்வாய், மதியம் 2.05

வாளி வேண்டாம். கால் நுழையும் அளவுக்குப் பெரிய ரப்பர் தீனித் தொட்டி வாங்குங்கள், இல்லை கார் டயர் டியூபை வெட்டி ஒரு முனையைக் கட்டிக் காலில் சாக்ஸ் மாதிரி மாட்டி உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள். முடிந்ததும் தவிடும் எப்சம் உப்பும் பிசைந்து பற்றுப் போட்டு, குழந்தைகளுக்குப் போடும் டயப்பரில் பெரிய சைஸ் ஒன்றை அடியில் கொடுத்து, மேலே அகலமான டேப்பைச் சுற்றிவிடுங்கள். மெடிக்கலில் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டால் ஐந்து வயது என்று சொல்லுங்கள்.

ரேக்ளா_ராசு | செவ்வாய், மாலை 6.20

பிழைத்தது. ஆனால் அந்த லாடக்காரரை நாலு வார்த்தை கேட்காமல் விடக் கூடாது. மாட்டுக்கு அடிப்பவன் குதிரையைத் தொடலாமா?

லாயம்_பெரியவர் | செவ்வாய், இரவு 8.50

ராசு, திட்டுவது சுலபம். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மாட்டுக்குப் பிளவுக் குளம்பு. ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனி தகடு. கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் கட்டி, ஆணியை வெளி ஓரத்தில் மட்டும் இறக்குவார்கள். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, நிற்க வைத்தே அடிக்க வேண்டும். வாலைப் பார்த்து நின்று, முன்னங்காலை நம் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அடிக்கிற வேலை. தொழிலே வேறு.

கடைசி ஆணி என்று தம்பி எழுதியதைப் படித்ததுமே புரிந்துவிட்டது. குளம்பைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். சுவருக்கும் உள்ளங்காலுக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடும். வெள்ளைக்கோடு என்று பெயர்தான், பார்த்தால் வெளிர்மஞ்சளாக இருக்கும். அதற்கு உள்ளே உயிருள்ள சதை. ஆணி அதற்கு வெளியேதான் போக வேண்டும். சுவர் முன்னால் தடிமன், பக்கவாட்டில் பின்னே போகப் போக மெலியும், உள்பக்கம் இன்னும் மெலிசு. அதனால் குளம்பின் மிக அகலமான இடத்தைத் தாண்டிப் பின்னால் ஆணி அடிப்பதே இல்லை. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குதிரை காலை ஊன்றும்போது குதிகால் பக்கம் கொஞ்சம் விரியும், தூக்கும்போது சுருங்கும். அங்கே ஆணி அடித்தால் அந்த விரிவைப் பூட்டிவிடுகிறோம்.

ஆணியிலும் சூட்சுமம் இருக்கிறது. லாட ஆணியின் நுனி ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் சீவியிருக்கும். எந்தப் பக்கம் என்று தெரிய தலையில் சொரசொரப்பாகக் குறி போட்டிருப்பார்கள். அந்தக் குறி உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் ஆணி வெளிப்பக்கமாக வளைந்து, தரையிலிருந்து முக்கால் அங்குலம் மேலே சுவரைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். திருப்பி வைத்து அடித்தால் நேராக உயிருக்குள் போகும்.

அப்பா என்னைக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்கச் சொல்வார். குளம்பு ஓட்டில் இறங்கும் ஆணி ஒவ்வொரு அடிக்கும் 'டங், டங்' என்று இறுகிக்கொண்டே போகும். மெத்தென்று 'தொப்' சத்தம் வந்தால் அடுத்த அடி அடிக்காதே, உருவு. அவ்வளவுதான் பாடம். அது காதில் ஏற எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

மலைப்பாதை | புதன், காலை 7.30

இந்தக் குதிரைக்கு லாடம் தேவையா என்று யாரும் கேட்கவில்லையே. நான் கோத்தகிரி பக்கம் ஆறு மட்டக்குதிரைகள் வைத்திருக்கிறேன். ஒன்றுக்கும் லாடம் கிடையாது. கல், சரளை, தேயிலைத் தோட்டத்து மண் என்று எல்லாவற்றிலும் போகின்றன. குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். தேய்மானம் அதற்குள் இருந்தால் லாடம் எதற்கு? ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை சீவி, ஓரத்தை உருட்டிவிட்டால் போதும். லாயத்துப் பராமரிப்பைப் பற்றி எழுதிய கிரேக்கர் ஜெனோஃபன், குதிரை நிற்கும் முற்றத்தில் உருண்டைக் கற்களைப் பரப்பச் சொல்கிறார். ஏறத்தாழ 2,400 வருஷத்துக்கு முந்தைய யோசனை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நான் ஆற்றுக் கூழாங்கல் கொட்டியிருக்கிறேன். பணம் கொடுத்து வாங்கிய எந்த மருந்தும் இந்த வேலையைச் செய்யவில்லை.

ரேக்ளா_ராசு | புதன், காலை 8.10

உங்கள் மட்டக்குதிரை நடக்கிறது அண்ணா. எங்கள் குதிரை தார் ரோட்டில் வண்டியோடு பறக்கிறது. லாடம் இல்லாமல் ஒரு மாதம் ஓட்டினால் முன்பக்கம் தேய்ந்து உள்ளங்கால் மெலிந்து, சின்னக் கல்லுக்கே துள்ளும். ஊருக்கு ஒரு நியாயம் செல்லாது.

டாக்டர்_கவி | புதன், காலை 10.00

இருவர் சொல்வதும் அவரவர் குதிரைக்குச் சரி. கொடுமுடிக்காரர் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ரோட்டில் நடத்துவார், மீதி நேரம் தோட்டத்து மண். என் கணக்கில் அதற்கு லாடம் தேவையில்லை. கழற்றியவுடனே தாரில் ஏற்றாமல், மண்ணில் தொடங்கி, ஒரு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினத் தரைக்குப் பழக்கலாம்.

லாடம் அடித்தாலும் சரி, அடிக்காவிட்டாலும் சரி, சீவுவதைத் தள்ளிப்போட முடியாது. லாடம் போட்ட குதிரைக்கு இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே தேய்மானமே கிடையாது, நுனி நீண்டுகொண்டே போகும். லாடம் தேயவில்லையே என்று மூன்று மாதம் விட்டுவிடுகிறார்கள். நீண்ட நுனி ஒவ்வொரு அடியிலும் காலின் பின்பக்கத் தசைநாணை இழுக்கிறது. என்னிடம் வரும் நொண்டல்களில் பாதி இந்தச் சிக்கனத்தில் வந்தவை.

சங்கு_வாசு | புதன், இரவு 9.45

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் கப்பல் கப்பலாக இங்கே குதிரை இறங்குவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். வந்தவற்றில் பெரும்பாலானவை வருஷம் திரும்புவதற்குள் செத்துப்போகுமாம், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததால். குதிரை விற்கும் வியாபாரிகள் லாடக்காரரையும் வைத்தியரையும் இந்தப் பக்கம் வர விடவே மாட்டார்களாம். செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம்! இறைச்சியும் சோறும் வேகவைத்துப் போட்டார்கள் என்றும் எழுதுகிறார். எவ்வளவு உண்மையோ, லாடக்காரர் பஞ்சம் மட்டும் இன்னும் தீரவில்லை.

லாயம்_பெரியவர் | வியாழன், காலை 6.15

வாசு தம்பி, வியாபார மூளை என்றால் அதுதான்.

சாரட்_செல்வி | வியாழன், மாலை 4.30

சோறு என்றதும் எனக்குக் குலை நடுங்குகிறது. எங்களிடம் கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் வெள்ளைக் குதிரை ஒன்று. போன மாசியில் ராத்திரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஒரு சாக்கு மக்காச்சோளத்தில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. காலையில் நன்றாகத்தான் இருந்தது. வயிறு உப்பவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். மறுநாள் விடியற்காலை பார்த்தால் முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறது. திரும்பச் சொன்னால் நெருப்பில் நிற்பதுபோல் ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றி வைக்கிறது.

குளம்புக்குள் சுவரையும் எலும்பையும் பிடித்துவைத்திருக்கும் மடிப்புகள் வீங்கிவிட்டன என்றார் டாக்டர். கவனிக்காமல் விட்டால் பிடி விட்டுப்போய் எலும்பே உள்ளங்காலை நோக்கிச் சாயுமாம். உடனே ஐஸில் நிறுத்தச் சொன்னார். மீன் மார்க்கெட்டுக்கு ஓடி ஐஸ் வாங்கி, உரச்சாக்கைக் காலில் கட்டி, முழங்கால் வரை நிரப்பி, மூன்று நாள் இரவும் பகலும் மாற்றி மாற்றி வைத்தோம். வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு லேசாகத்தான் சாய்ந்திருந்தது. பிழைத்தது. ஆனால் இன்றைக்கும் குளம்பில் வளையம் வளையமாகத் தெரிகிறது, முன்னால் நெருக்கமாக, குதிகால் பக்கம் அகலமாக. ஊர்வலத்துக்கு அனுப்புவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஆசையாக லட்டும் பொங்கலும் ஊட்டும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. இப்போது வேறு குதிரைக்கு என்றாலும் தட்டையே பிடுங்கிவிடுகிறேன்.

டாக்டர்_கவி | வியாழன், மாலை 5.10

செல்வி அக்கா, அந்த நல்லாயிருந்த ஒரு நாள்தான் எல்லோரையும் ஏமாற்றும். தானியம் தின்றது தெரிந்த நிமிடமே கூப்பிட வேண்டும், நொண்டும்வரை காத்திருக்கக் கூடாது. சந்தையில் வாங்குபவர்களும் நீங்கள் சொன்ன அந்த வளையத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். குளம்பில் கறுப்பு எண்ணெய் பளபளவென்று பூசியிருந்தால் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். துடைக்க மாட்டேன் என்றால் அடுத்த குதிரைக்குப் போய்விடுங்கள்.

கொடுமுடி_செவலை | (ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து) ஞாயிறு, காலை 11.20

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். முதலில் நல்ல செய்தி. செவலை பத்தாம் நாளே நன்றாக ஊன்றிவிட்டாள். லாடம் மறுபடி அடிக்கவில்லை. ஈரோட்டுப் பக்கம் வரும் குதிரை லாடக்காரர் ஒருவர் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்து சீவிக் கொடுக்கிறார். ஆணி ஓட்டைகள் கீழே இறங்கி இறங்கிப் போன சீவலோடு காணாமல் போயின.

இப்போது ஐப்பசி மழை. பின்னங்கால் இரண்டிலும் அடியில் நடுவே வி மாதிரி மெத்தென்று இருக்கிறதே, ஃபிராக், அதன் பள்ளத்தில் கறுப்பாகக் களிம்பு மாதிரி வருகிறது. எலி செத்த நாற்றம். நொண்டல் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மயில்துத்தத்தை (காப்பர் சல்ஃபேட்) கரைத்து ஊற்று என்கிறார். வேப்பெண்ணெய் போதும் என்கிறார் அம்மா.

லாயம்_பெரியவர் | ஞாயிறு, மதியம் 12.00

அம்மா சொல்வதில் பாதி சரி. மயில்துத்தம் கேட்கும், ஆனால் கரைத்து ஊற்றினால் நல்ல சதையையும் சேர்த்துத் தின்னும். முதலில் கொக்கியால் குதிகாலிலிருந்து நுனி நோக்கி அழுக்கைத் தோண்டி எடுங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் மெத்தையைக் குத்திவிடும். பிரஷ் போட்டுத் தேய்த்து, துணியால் ஒற்றிக் காய வையுங்கள். அப்புறம் மயில்துத்தப் பொடியை வாஸ்லினில் கொஞ்சமாகக் குழைத்து, பஞ்சில் தடவி, பள்ளத்தில் அடையுங்கள். ரத்தம் தெரிந்தால் மட்டும் அது வேண்டாம், பீட்டாடினோடு நிறுத்துங்கள்.

டாக்டர்_கவி | ஞாயிறு, மதியம் 12.40

மருந்தை விடத் தரை முக்கியம். காற்றுப் புகாத இடத்தில் வளரும் கிருமி இது. மூத்திரத்தில் ஊறிய வைக்கோலில் நின்றால் எந்தக் களிம்பும் நிற்காது. ஈரமானதைத் தினமும் அள்ளிவிட்டு மரத்தூள் போடுங்கள். ஒரு நாளைக்குச் சில மணி நேரமாவது காய்ந்த மேட்டில் கட்டுங்கள். எண்ணெய், நாற்றம் போகும் முன் பூசினால் ஈரத்தை உள்ளேயே மூடிவைக்கும். பங்குனி வெயிலில் ஓரம் வெடிக்கும்போது வேண்டுமானால் அம்மாவின் பேச்சைக் கேளுங்கள்.

பயோட்டின் வைட்டமின் கொடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கொடுக்கலாம், தினம் 15 முதல் 20 மில்லிகிராம். ஆனால் அது புதிதாக வளரும் குளம்பைத்தான் திடமாக்கும். மேலிருந்து முன்நுனி வரை வளர்ந்து இறங்கவே ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும். அதுவரை பொறுமை இருந்தால் வாங்குங்கள்.

ரேக்ளா_ராசு | ஞாயிறு, மாலை 3.15

அந்த மாட்டு லாடக்காரர் என்ன ஆனார்?

கொடுமுடி_செவலை | ஞாயிறு, இரவு 8.30

போன வாரம் குதிரைக்காரர் சீவ வந்தபோது அவரும் வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை, கேள்விப்பட்டு அவராகவே வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் ஒரு பீடிகூடப் பற்றவைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது நான் எடுத்துவைத்திருந்த அந்தக் கறுத்த ஆணியைக் கேட்டு வாங்கி, கண்ணுக்கு அருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையில் இந்தக் குறி எதற்கு என்று இத்தனை வருஷம் தெரியாது என்றார்.

அவருக்குச் செத்த குதிரையின் கால் ஒன்று வேண்டுமாம், குறுக்கே அறுத்துப் பார்க்க. எங்கே கேட்பது? டாக்டர் அக்கா, உங்களுக்கு யாரையாவது தெரியுமா?

டாக்டர்_கவி | ஞாயிறு, இரவு 9.05

நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் என்னோடு படித்தவர் இருக்கிறார், உடற்கூறு பாடத்துக்கு வைத்திருப்பதைப் பார்க்க முடியுமா என்று கேட்டுச் சொல்கிறேன். முன் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். பார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும், துண்டு எடுத்துவரச் சொல்லுங்கள். அந்த ஆணியையும்.